ஏற்றமும் இறக்கமும் தந்த தச்சர்

பொருட்காட்சிக்குச் சென்றால் இராட்டினத்தைக் கண்டதும் நம் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. மரச்சட்டங்களின் மேல் தண்டவாளம் அமைத்து, மேட்டிலும் பள்ளத்திலும் வண்டியை ஓடவிடும் ரோலர் கோஸ்டரைப் படங்களில் பார்த்து வியந்திருக்கிறோம். அமெரிக்காவில் அதனைப் புகழ்பெறச் செய்தவர் லாமார்கஸ் ஆட்னா தாம்ப்சன். அவரது வாழ்க்கையைச் சற்றே அறிவோமா?

அவர் 1848-ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். பன்னிரண்டு வயதிலேயே தாயாருக்கு வெண்ணெய் கடையும் கருவியும், தந்தையாருக்கு மாட்டுவண்டியும் செய்து கொடுத்தாராம். வளர்ந்ததும் தச்சுத்தொழில் செய்தார். பின்னர் இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் நகரில் தையலில்லாக் காலுறைகள் பின்னும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். ஆனால் ஓயாத உழைப்பால் உடல்நலம் குன்றியது. வளர்ந்துவந்த தொழிலை விட்டு விலக நேர்ந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. அக்காலத்தில் பென்சில்வேனியாவில், மலையிலிருந்து நிலக்கரி இறக்கப் போட்ட பழைய இரயில் பாதையில் மக்கள் காசு கொடுத்து உல்லாசமாகச் சறுக்கி வந்தனர். மலை இல்லாத ஊரிலும் அந்த இன்பத்தைத் தர முடியாதா என்று எண்ணினார். 1884-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கின் கோனி தீவில் 600 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட மரப்பாதையைத் திறந்தார். கட்டணம் ஐந்து சென்ட். வேகமோ மணிக்குச் சுமார் பத்து கிலோமீட்டர்தான்! ஆயினும் கூட்டம் அலைமோதியது.

வண்டிக்கு எஞ்சின் கிடையாது. மேட்டில் சேர்ந்த நிலையாற்றல் இறங்கும்போது இயக்க ஆற்றலாகிறது என்று நாம் வகுப்பில் படிக்கிறோமே, அதுவே அதனை ஓட்டியது. மறுமுனையில் எல்லோரும் இறங்கவேண்டும். பணியாளர்கள் வண்டியைத் தள்ளி மேலே ஏற்றியபின் திரும்பி வரலாம்.

இக்குறையைப் பிறர் விரைவிலேயே நீக்கினர். அவ்வாண்டிலேயே சார்லஸ் ஆல்கோக் பாதையை வளைத்து, புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தார். 1885-இல் பிலிப் ஹிங்கில் பயணிகளோடு வண்டியை இயந்திரத்தால் மேலே இழுத்தார். முந்தியவர் பிந்தியவரானார். மீண்டும் ஓர் இறக்கம்! தாம்ப்சன் சளைக்காமல் புதிய வழி தேடினார். 1887-இல் அட்லாண்டிக் சிட்டியில் குகைகளும், வண்ணக் காட்சிகளும், ஒளிவிளக்குகளும் கொண்ட காட்சி இரயிலை அமைத்து வெற்றி கண்டார்.

தரக்குறைவான கேளிக்கைகளே சமுதாயத்தின் பல தீமைகளுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. ஆகவே, சூரிய ஒளியில் குடும்பத்தோடு மகிழும் தூய பொழுதுபோக்கைத் தருவதை நற்பணியாகவே எண்ணினார். 1919-இல் அவர் மறைந்தார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1912-இல் திறக்கப்பட்ட அவ்வகை மர இரயில் நூறாண்டு கடந்தும் ஓடியது.

பொதுத்தேர்வை எதிர்நோக்கும் நமக்கு ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தாலே உலகம் இருண்டுவிடுகிறது. தோழியரே, இறங்கிய வேகமே வண்டியை அடுத்த மேட்டில் ஏற்றுகிறது. நோயில் வீழ்ந்த தச்சர் அதனைத் தம் வாழ்வில் செய்துகாட்டினார். நாமும் இறக்கத்தில் கலங்காமல் ஏற்றத்தை நோக்கி முன்னேறுவோமாக!