சார்லி கிறிஸ்டியன்: கிதாருக்குக் குரல் தந்தவர்

மேடையில் இடம் இருந்தும் செவியில் இடம் பெறாத வாத்தியமாகவே ஜாஸ் இசைக்குழுக்களில் கிதார் நெடுங்காலம் இருந்து வந்தது. டிரம்பெட்டுகளும் சாக்ஸபோன்களும் முழங்கும் நடன அரங்கில் அதன் ஒலி எடுபடாது. தாளத்துக்குத் துணையாகத் தந்திகளைத் தட்டிக் கொண்டிருப்பதே கிதார்க் கலைஞரின் பணி. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் வாசித்தபோது வந்தவர்கள் மூச்சடக்கிக் கேட்டார்கள் என்பர். அத்தகைய அமைதி கிட்டாத இடத்தில் மென்குரல் வாத்தியம் என்ன செய்யும்? அவ்வினாவுக்கு விடையாக வந்தவர் சார்லி கிறிஸ்டியன்.

1916ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துப் பான்ஹாம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அது பருத்தி விளையும் பூமி. கரும்பு வண்டிகள் ஆலை நோக்கி வரிசை கட்டும் முண்டியம்பாக்கத்தாருக்கு அத்தகைய ஊரின் முகம் அந்நியமாகத் தோன்றாது. அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் ஓக்லஹோமா நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தை பார்வை இழந்தவர், கிதார் வாசிப்பவர். மூன்று புதல்வர்களுடன் வெள்ளையர் வாழும் தெருக்களில் பாடியும் வாசித்தும் பொருள் ஈட்டினார். அவர் மறைந்தபோது சார்லி இன்னும் சிறுவன். தந்தையின் வாத்தியங்கள் மகனுக்கு வந்து சேர்ந்தன.

கறுப்பினக் குழந்தைகளுக்கான டக்ளஸ் பள்ளியில் செலியா புரோ அம்மையார் இசை பயிற்றுவித்தார். சிறுவன் விரும்பியது டெனர் சாக்ஸபோன். ஆசிரியை பரிந்துரைத்ததோ டிரம்பெட். சிறுவன் இரண்டையும் விட்டுப் பேஸ்பால் ஆடச் சென்றுவிட்டான். ஆயினும் அந்தச் சாக்ஸபோன் ஆசை வீண்போகவில்லை. லெஸ்டர் யங்கின் வாசிப்பில் மனம் பறிகொடுத்த கிறிஸ்டியன், காற்று வாத்தியம் மூச்செடுத்துப் பாடும் நீண்ட சொற்றொடர்களைத் தந்தியில் பாட முயன்றார். அவர் பாணியின் வேர் இதுவே என்று கொள்ளலாம்.

குரல் இருந்தது, அதை எட்டச் செய்யும் கருவி இல்லை. 1936இல் கிப்சன் நிறுவனம் ஈ.எஸ்.150 என்ற மின்கிதாரை வெளியிட்டது. தந்திகளின் அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். மரத்தின் உட்புறம் இரண்டு கனத்த காந்தங்கள். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மின்னோட்டம் பிறந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும். எடி டர்ஹாம் என்னும் கலைஞர் மின்கிதாரின் வழியைக் காட்ட, கிறிஸ்டியனும் அதனைக் கைக்கொண்டார்.

1939 ஆகஸ்டில் இசைத்துறைப் பிரமுகர் ஜான் ஹாமண்ட், பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் சொல்லக் கேட்டு ஓக்லஹோமாவுக்கு வந்தார். அங்கே இரவுக்கு இரண்டரை டாலர் ஊதியத்தில் வாசித்துக் கொண்டிருந்த இளைஞரை லாஸ் ஏஞ்சலிசுக்கு வரவழைத்தார். கிளாரினெட் மேதை பென்னி குட்மன் ஆர்வம் காட்டவில்லை. மஞ்சள் காலணியும் பச்சை உடுப்பும் அணிந்து வந்தவரை ஒரு பொருட்டாகக் கருதவும் இல்லை. ஆகஸ்ட் 16ஆம் நாள் இரவு, விக்டர் ஹியூகோ உணவகத்தில் குழுவினர் உணவுக்குச் சென்றிருந்த வேளையில் ஹாமண்ட் அவரை மேடையில் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து கண்ட குட்மனுக்குச் சினம். ரோஸ் ரூம் என்ற பாட்டைத் தொடங்கினார். புதியவருக்கு அது தெரிந்திராது என்று எண்ணினார் போலும். கிறிஸ்டியன் சுற்றுக்குச் சுற்று புதிதாக வாசித்துக் கொண்டே போனார். நாற்பது நிமிடங்களுக்கு மேல் அந்த ஒரே பாட்டு நீண்டது. இறங்கியபோது அவர் குட்மன் குழுவின் கலைஞர். வார ஊதியம் 150 டாலர்.

இக்கதையில் காலப்போக்கில் ஓரளவு மெருகேறியிருக்கலாம். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் பதிவான இசைத்தட்டுகள் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகின்றன.

அந்த நாதத்தை மீண்டும் எழுப்ப முயலும் கிதார்க் கலைஞர்கள் உலகெங்கும் உள்ளனர். பழைய ஈ.எஸ்.150ஐத் தேடி வாங்குகின்றனர். அதன் காந்தச் சுருளைப் போலவே புதிதாகச் சுற்றிக் கொள்கின்றனர். கனத்த தந்திகளைப் பூட்டுகின்றனர். சுமார் 15 வாட் ஆற்றலே உடைய குழாய் ஒலிபெருக்கிகளைப் பழுது பார்த்து வைக்கின்றனர். உருண்டு திரண்ட, சற்றே கரகரத்த அந்த ஒலி இவற்றால் ஓரளவு வந்துவிடுகிறது. வராமல் நிற்பது நடை. கிறிஸ்டியன் பெரும்பாலும் கீழ்நோக்கியே தந்தியைத் தட்டினார். ஆதலால் ஒவ்வொரு சுரமும் ஒரே கனத்தோடு விழுந்தது. ஸ்விங் நடையில் ஓர் அடியின் இரு பாதிகள் சமமாக இரா. முன்பாதி நீண்டு, பின்பாதி குறுகி, திஸ்ர நடையின் சாயல் ஏறத்தாழத் தோன்றும். எவ்வளவு நீளம், எவ்வளவு குறுக்கம் என்பதை ஏட்டில் எழுத இயலாது. வெஸ் மான்ட்கோமரி அவருடைய வாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து சுரம் பிசகாமல் செவிவழியே கற்றுக் கலைஞரானார். நம் நாட்டில் கொல்கத்தாவின் கார்ல்டன் கிட்டோவும் கிறிஸ்டியனைக் கேட்டுக் கேட்டே தம் கையைப் பழக்கி, 2016இல் மறையும் வரை ஜாஸ் கிதாரை விடாமல் பேணினார்.

பகலில் புகழ்பெற்ற குழுவில் வாசித்தவர், இரவு முடிந்ததும் நியூயார்க் ஹார்லெம் பகுதியின் மின்டன்ஸ் விடுதிக்குச் செல்வார். தெலோனியஸ் மாங்க், கென்னி கிளார்க் முதலியோருடன் விடியும்வரை வாசிப்பார். பின்னாளில் பீபாப் என்று பெயர் பெற்ற புதுவழி அங்கே உருவாகி வந்தது. 1941 மே மாதம் ஜெர்ரி நியூமன் என்ற மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு அங்கு சென்றிராவிட்டால் அந்த வாசிப்பு காற்றோடு கலந்திருக்கும். மூன்று நிமிட இசைத்தட்டின் எல்லை இல்லாமல் அவர் தடையின்றிப் பாய்வதை அப்பதிவுகளில் கேட்கலாம்.

உடல் இவ்வேகத்தைத் தாங்கவில்லை. காசநோய் முற்றி, 1941 ஜூனில் ஸ்டேட்டன் தீவின் சீவியூ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1942 மார்ச் 2ஆம் நாள் காலமானார். வயது 25. மறு ஆண்டிலேயே ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. பத்தாண்டு கழியுமுன் அதே சீவியூவில் ஐசோநியாசிட் மருந்து நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தோர் எழுந்து நடமாடினர். அம்மருந்தைக் கொண்டே சென்னையில் நடந்த ஆய்வு, வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது.

புகழோடு வாசித்த காலம் இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. பான்ஹாமில் அடக்கம் செய்யப்பட்ட அவர் கல்லறை, பெயர் பொறித்த கல் இன்றிப் பல ஆண்டுகள் கிடந்தது. 1990இல் ராக் இசைக்கு முன்னோடி என்ற வகையில் அவருக்கு அமெரிக்காவில் சிறப்புச் செய்யப்பட்டது. ஈ.எஸ்.150இன் அந்தக் காந்தச் சுருளைக் கிதார் செய்வோர் இன்றும் சார்லி கிறிஸ்டியன் பிக்கப் என்றே கேட்டு வாங்குகின்றனர்.