கெல்லி துரை கட்டி முடிக்காத மாளிகை

வீடு கட்டுவதையும் கல்யாணம் செய்வதையும் ஒன்றாகச் சேர்த்துப் பயமுறுத்தினார்கள் நம் பெரியவர்கள். அதில் அர்த்தம் இருக்கிறது.

நெம்மேலியில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொத்தனார் அடுத்த தெருவில் இருப்பார். சித்தாள் பக்கத்து ஊரிலிருந்து வருவாள். செங்கல் சூளையிலிருந்து வந்துவிடும். சனிக்கிழமை கூலி கொடுத்தால் அந்த வாரக் கணக்குத் தீர்ந்தது. அப்படியும் போட்ட கணக்கு மிஞ்சிப் போகிறது!

கடல் கடந்த தேசத்தில், காட்டுக்கு நடுவே மாளிகை கட்டினால்? கட்டிப் பார்த்தார் ஒரு துரை. அவர் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித்.

காட்டில் பிறந்த செல்வம்

இவர் 1870-ல் ஸ்காட்லாந்து தேசத்தில் பிறந்தார். இருபதாம் வயதில் பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். பேராக் மாநிலத்தில் காடு வெட்டிச் சீர் செய்யும் வேலையில் சேர்ந்தார். அதில் கிடைத்த பணத்தில், ஈப்போ நகருக்கு அருகே பத்து காஜாவில் சுமார் ஆயிரம் ஏக்கர் நிலம் வாங்கினார். ரப்பர் நட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். செல்வம் சேர்ந்தது.

சொந்த நாட்டுக்குப் போய் ஆக்னஸ் என்ற மங்கையை மணந்து அழைத்து வந்தார். 1904-ல் மகள் ஹெலன் பிறந்தாள். தோட்டத்தில் ஒரு பங்களா கட்டிக் குடியிருந்தார்கள். 1915-ல் மகன் அந்தோணி பிறந்தான். வாரிசு வந்த மகிழ்ச்சியில் துரைக்குப் பெரிய ஆசை பிறந்தது. ஆறு மாடிக் கோபுரத்துடன் ஓர் அரண்மனை! அதில் லிப்ட் வேறு. மலாயாவில் அது ஓர் அதிசயமாக இருந்திருக்கும்.

எழுபது பேர்

துரைக்கு இந்தியக் கட்டடக் கலையில் மோகம் உண்டு. எனவே செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வேலைக்கும் சென்னைச் சீமையிலிருந்து எழுபது கைதேர்ந்த தொழிலாளரை வரவழைத்தார்.

இங்கேதான் கணக்கைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி மட்டும் போதும். கடல் தாண்டி வந்தவருக்குக் கூலியோடு முடியுமா? கப்பல் செலவு உண்டு. தங்க இடம் வேண்டும். சாப்பாடு வேண்டும். நோய் வந்தால் வைத்தியம் வேண்டும். ஒரு கொத்தனார் படுத்துவிட்டால், அவருக்குப் பதில் ஆள் கூப்பிட அடுத்த தெரு இல்லை. வங்கக் கடல்தான் இருக்கிறது!

அதுவே நடந்தது. 1918-ல் உலகெங்கும் பரவிய விஷ ஜுரம் அந்தத் தோட்டத்தையும் விடவில்லை. தொழிலாளர் பலர் மாண்டனர். வேலை தடைப்பட்டது. மிஞ்சியவர்கள் துரையிடம் போனார்கள். மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள்.

செலவுக்கு மேல் செலவு என்று துரை மறுத்திருக்கலாம். ஆனால் அவர் மறுக்கவில்லை. மாளிகையிலிருந்து சிறிது தூரத்தில் கோயில் எழும்பியது. தொழிலாளர் நன்றி மறக்கவில்லை. கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்குப் பக்கத்தில், ஐரோப்பிய உடையில் துரைக்கும் ஒரு சிலை வைத்தார்கள்!

கடைசிப் பயணம்

யுத்தம் முடிந்த பிறகு, 1920-ஐ ஒட்டி, ரப்பர் விலை உலகச் சந்தையில் சரிந்தது. ஆயினும் மாளிகை வேலை மெல்ல நடந்தது. 1926-ல் துரை ஐரோப்பா சென்றார். லிப்ட் வாங்கவே போனார் என்று சொல்லப்படுகிறது. போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பனில் நிமோனியா கண்டு காலமானார். அப்போது வயது 56.

ஆக்னஸ் அம்மாள் மலாயாவுக்குத் திரும்பி வாழ விரும்பவில்லை. சொத்து ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. மாளிகை அரைகுறையாக நின்றது. கொடிகள் ஏறின. இன்று அது உல்லாசப் பயணிகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம். லிப்டுக்காக விட்ட இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

வெளிநாட்டில் சம்பாதித்து வீடு கட்டும் நம்மவர் பலர் உண்டு. கல்லுக்கும் மரத்துக்கும் கணக்குப் போடுவது போல, வேலை செய்யும் மனிதருக்கும் கணக்குப் போட வேண்டும். அவர் பசி, அவர் நோய், அவர் ஊர் திரும்பும் நாள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

துரை தமக்காகத் தொடங்கிய மாளிகை முடியவில்லை. தொழிலாளருக்காகக் கட்டிய கோயில் முடிந்தது. அங்கே இன்றும் விளக்கு எரிகிறது.