தாம்பாளத்தில் கடல் காட்டிய அம்மையார்

பழவேற்காட்டுக் கரையில் வலை காயும் இடத்தில் நாலு வயதுப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்கலாம். தேங்காய் மட்டை ஒன்று கப்பல். ஈர்க்குச்சி பாய்மரம். ஒரு பிடி மணலை அள்ளி ஏற்றுகிறார்கள்; கப்பல் மிதக்கிறது. இன்னொரு பிடி, அதையும் தாங்குகிறது. மூன்றாவது பிடியில் ஒரு பக்கம் சாய்ந்து கவிழ்ந்துவிடுகிறது! ஒரே கூச்சல், சிரிப்பு. பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

பெரியவர்களின் கண்ணுக்கு இது வீண் பொழுது. ஆனால் அந்தத் தண்ணீர் லேசுப்பட்டதா? 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய நாளில் பெரிய கப்பல்கள் வந்து நங்கூரம் பாய்ச்சிய ஊர் அது. 2011 டிசம்பர் 25-ல், சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதும் அங்கேதான். எது மிதக்கும், எது கவிழும் என்பதை அந்தக் கரையில் பிறந்த பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்வது வீண் வேலையாகுமா?

ஆகாது என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலியில் பிறந்த அவர் வாழ்க்கையின் முக்கியமான ஆண்டுகளைக் கழித்தது நம் சென்னையில், அடையாற்றில்!

1870 ஆகஸ்டு 31-ல் கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். பெண்கள் டாக்டர் படிப்பதே அதிசயமாக இருந்த காலம். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிரேதப் பரிசோதனை கற்கக் கூடாது என்று தடுத்தார்கள். எல்லோரும் போன பிறகு, மாலையில் தனியாக நின்று கற்றார். 1896-ல் ரோமாபுரியில் டாக்டர் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்யப் போன இடத்தில், அவர்களுக்கு வேண்டியது மருந்தல்ல, கைக்கு வேலை என்று கண்டார்.

பிள்ளையை ஒளித்த தாய்

அவருடைய வாழ்க்கையில் ஒரு ரகசியம் இருந்தது. உடன் பணியாற்றிய டாக்டர் மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898-ல் ஒரு மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. மொண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். ஊருக்குத் தெரிந்தால் படித்த படிப்பும் பார்த்த வேலையும் போய்விடும். குழந்தை மரியோ கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் வளர்ந்தான். தாய் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் வழி காட்டியவருக்குத் தன் பிள்ளையைத் தூக்கி வளர்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

1907 ஜனவரி 6. ரோமாபுரியில் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் மாடிப்படியிலும் தெருவிலும் திரிந்து சுவரைப் பாழாக்கினார்கள். கட்டடக்காரர்கள் அவர்களை அடைத்து வைக்க ஓர் அறை ஒதுக்கி, அம்மையாரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குக் கிளம்பும் தாய்க்கு இருக்கிற அதே கவலைதான்: பிள்ளையை யாரிடம் விடுவது?

அறையில் நல்ல பொம்மைகள் இருந்தன. பிள்ளைகள் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் மொண்டு ஊற்றவும், கட்டைகளை அளவு பார்த்து அடுக்கவும் போட்டியிட்டார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அம்மையார் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலிருந்து பிறந்ததுதான் மாண்டிசோரி முறை.

தீவும் ஏரியும்

அம்மையாரின் முறையில் நடக்கும் பள்ளிகளில் ஒரு பாடம் உண்டு. இரண்டு தாம்பாளங்கள். ஒன்றில் நடுவே களிமண் மேடு. மற்றொன்றில் சுற்றிலும் களிமண், நடுவே பள்ளம். பிள்ளை சிறு குவளையால் தண்ணீரை ஊற்றுகிறது. முதல் தட்டில் தீவு பிறக்கிறது. அடுத்ததில் ஏரி! இப்படியே முனை, விரிகுடா, நீரிணை என்று தட்டுகள் வளரும். சின்னக் கப்பல் ஒன்றை மிதக்கவிட்டால் தீவைச் சுற்றி வரலாம். ஏரித் தட்டில் விட்டால் வெளியே போக வழியில்லை. விரலால் களிமண்ணை அகற்றி வாய்க்கால் வெட்டினால்தான் கப்பல் நகரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் படகு கடலுக்குப் போக முடியாது என்பது பழவேற்காட்டு மீனவரின் பழைய துயரம். அதை நாலு வயதுப் பிள்ளை தாம்பாளத்திலேயே தெரிந்துகொள்கிறது. ஆசிரியை வாய் திறந்து விளக்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் அம்மையார் கண்டிப்பானவர். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ராட்சதன், மாயக் கப்பல் என்று கதை அளக்கக் கூடாது, உள்ள பொருளையே காட்ட வேண்டும் என்பார். தேங்காய் மட்டையில் மாலுமி வேஷம் போடும் நம் பிள்ளைகள் இதற்குச் சம்மதிப்பார்களா என்பது சந்தேகமே!

கரை ஒதுங்கியவர்

1912-ல் அம்மையாரின் தாய் இறந்தார். அதன் பிறகு மரியோ அவரிடமே வந்து சேர்ந்தான். ஆனால் வெளியுலகுக்கு அவன் உறவுக்காரப் பிள்ளை! 1913-ல் அம்மையார் கப்பலேறி அமெரிக்கா சென்றபோது அங்கே பெரும் வரவேற்பு. முசோலினி முதலில் கைகொடுத்தார். பிறகு பகை மூண்டது. 1934-ல் அம்மையார் தாய்நாட்டை விட்டே போனார். பார்ஸிலோனாவில் தங்கினார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றுதான் அவரை மீட்டு இங்கிலாந்தில் சேர்த்தது. பிறகு ஹாலந்தில் குடியேறினார். கப்பல் உடைந்து கரைக்குக் கரை ஒதுங்கிய பயணியைப் போலத்தான் அவர் வாழ்வு இருந்தது.

1939-ல் பிரம்ம ஞான சபையின் தலைவர் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் மகனோடு விமானத்தில் வந்தார். அடையாற்றில் ஓலைக் குடிசைகள் எழும்பின. முந்நூறு பேருக்கு மேல் ஆசிரியப் பயிற்சிக்குக் கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்களுக்கென்று வந்தவர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. அன்று முதல் இருவரும் எதிரி நாட்டவர்! மரியோவை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மையார் அடையாற்று எல்லையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. நாக்கும் துணையுமாக இருந்தவன் போய்விட்டான். எழுபது வயதுக் கிழவி, மொழி தெரியாத ஊரில் தனியே நின்றார்.

ஆகஸ்டு 31 வந்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாள். வைசிராயிடமிருந்து செய்தி வந்தது: பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புகிறோம் என்பது அதன் சாரம். மகன்! நாற்பத்திரண்டு ஆண்டுகளாக ஊருக்கு மறைத்த சொல்லை அரசாங்கமே பகிரங்கமாகச் சொல்லிவிட்டது. அதன் பிறகு அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே பிள்ளைகளோடு செடி, கொடி, ஓடை, பூச்சி என்று பார்த்துத் திரிந்ததில் அம்மையாரின் கல்வி இன்னும் விரிந்தது. பூமியும் நீரும் உயிரும் ஒன்றையொன்று தாங்கும் கதையைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லும் பாடங்கள் இந்த நாட்டு வாசத்தில்தான் உருவாயின. 1946-ல் ஐரோப்பா திரும்பினார். அடுத்த ஆண்டே மறுபடியும் இந்தியா வந்துவிட்டார்!

1952 மே 6-ல், ஹாலந்தின் கடற்கரை ஊரான நூர்ட்வைக்கில், மரியோ பக்கத்தில் இருக்க அவர் உயிர் பிரிந்தது. உயிலில் அவனை மகன் என்றே எழுதியிருந்தார். அவருடைய கல்லறையும் அந்த ஊரில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் பழவேற்காட்டுக்குக் கப்பல்கள் பாய் விரித்துக் கிளம்பியது அந்த ஹாலந்துக் கரையிலிருந்துதான்.