தராசு பிடித்த குரு நானக்

சுல்தான்பூர் நகரத்தில் அரசாங்கத் தானியக் கிடங்கு. வாசலில் ஜனக் கூட்டம். உள்ளே ஓர் இளைஞர் தராசு பிடித்துத் தானியம் நிறுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நிறுக்கிறார். பன்னிரண்டு வரை எண்ணிக்கை சரியாகப் போகிறது. பதின்மூன்று வந்ததும் அவர் குரல் மாறுகிறது. கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. பதின்மூன்று, பதின்மூன்று என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லியபடி நிறுத்துக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்.

பஞ்சாபி மொழியில் பதின்மூன்றைத் தேரா என்பார்கள். உன்னுடையது என்று சொல்வதற்கும் ஏறக்குறைய அதே உச்சரிப்புத்தான். எல்லாம் இறைவா உன்னுடையதே என்ற நினைவில் அவருக்கு அடுத்த எண் மறந்துவிட்டது.

அந்தக் கிடங்குக் குமாஸ்தாதான் பின்னாளில் சீக்கிய மதத்தைத் தோற்றுவித்த குரு நானக்.

சீக்கியர் வீடுகளில் தாத்தா பாட்டிமார் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை இது. ஆனால் கிடங்கிலோ, கணக்குப் பிரிவிலோ வேலை பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டவுடன் ஒரு கேள்வி எழும். இப்படி நிறுத்துப் போட்டால் இருப்புக் கணக்கு எப்படி ஒத்துப்போகும்? அந்தக் கேள்வி அன்றைக்கும் எழத்தான் செய்தது.

கணக்குப்பிள்ளையின் மகன்

1469-ம் ஆண்டு. டெல்லியில் லோடி வம்சத்துச் சுல்தான்களின் ஆட்சி நடந்த காலம். லாகூருக்கு மேற்கே தல்வண்டி என்ற கிராமத்தில் நானக் பிறந்தார். இன்று அந்த ஊர் நன்கானா சாகிப் என்ற பெயரில் பாகிஸ்தானில் இருக்கிறது. தந்தையார் மேத்தா காலு. ஊர்ப் பெரிய மிராசுதாரான ராய் புலாரிடம் நிலக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை. தாயார் பெயர் திருப்தா. நானக்குக்கு ஐந்து வயது மூத்த அக்காள் ஒருத்தி, நானகி.

கணக்குப்பிள்ளைக்கு ஒரே மகன். தன் வேலையை அவனும் பார்க்க வேண்டும் என்று தகப்பன் நினைத்ததில் தவறில்லை. பையனுக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்தார். அரசாங்க மொழியான பாரசீகமும் படிக்க வைத்தார். பையன் நன்றாகப் படித்தான். ஆனால் வாத்தியார் பதில் சொல்ல முடியாத கேள்விகளையும் கேட்டான்.

பூணூல் கல்யாணத்துக்கு உற்றார் உறவினர் எல்லாம் கூடியிருந்தார்கள். புரோகிதர் பூணூலை எடுத்துக் கழுத்தில் போடப்போகும் நேரத்தில் பையன் வேண்டாம் என்று தடுத்துவிட்டான். இந்த நூல் அழுக்காகும், அறுந்து போகும், மனிதனோடு கூட வராது. கருணையும் பொறுமையும் சத்தியமும் சேர்த்துத் திரித்த நூல் இருந்தால் போடுங்கள் என்பது அவன் வாதம். கூடியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். தகப்பனாருக்கு அவமானமாகிவிட்டது.

இருபது ரூபாய் வியாபாரம்

மகன் வாலிபனானான். மாடு மேய்க்க அனுப்பினார்கள். மாடுகள் அடுத்தவன் வயலில் இறங்கின. இவன் மரத்தடியில் தியானத்தில் இருந்தான். வியாபாரமாவது செய்யட்டும் என்று காலு இருபது ரூபாய் கொடுத்து, நல்ல லாபம் வரும் சரக்காகப் பார்த்து வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்.

வழியில் பசியால் வாடிய சாதுக்கள் கூட்டம் ஒன்றை நானக் கண்டார். இருபது ரூபாய்க்கும் தானியமும் சாமான்களும் வாங்கி அவர்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். இதைவிட லாபமான சரக்கு வேறு இல்லை என்று நினைத்தார் மகன். அந்தக் காலத்தில் இருபது ரூபாய் என்பது பெரிய தொகை. தகப்பனார் கன்னத்தில் அறைந்துவிட்டார். ராய் புலார் வந்துதான் சமாதானம் செய்து வைத்தார்.

காலுவைக் கல் நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் எந்தத் தகப்பனும் அன்றைக்கு அப்படித்தான் கோபப்பட்டிருப்பான்.

அக்காள் தேடித் தந்த வேலை

தம்பியின் மனத்தை முதலில் புரிந்துகொண்டவள் அக்காள் நானகி. அவள் கணவர் ஜெயராம், சுல்தான்பூரில் தவுலத்கான் லோடி என்ற நவாபிடம் உத்தியோகம் பார்த்து வந்தார். மைத்துனனைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு நவாபிடம் சிபாரிசு செய்தார். மோதிகானா எனப்படும் அரசாங்கத் தானியக் கிடங்கில் நானக்குக்கு வேலை கிடைத்தது. ஊரை விட்டு வெளியூர் வந்து, அக்காள் வீட்டில் தங்கி, அத்தான் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவர்தான் குரு நானக்கும்.

அந்த நாளில் ஜனங்கள் வரியைப் பெரும்பாலும் தானியமாகவே கட்டினார்கள். வருவதை அளந்து இருப்பு வைக்க வேண்டும். சிப்பாய்களுக்கும் சிப்பந்திகளுக்கும் கணக்குப்படி கொடுக்க வேண்டும். கை நீளமானவர்களுக்கு நல்ல வருமானம் தரக்கூடிய இடம். நானக் மாமூல் வாங்கவில்லை. எடையில் கை வைக்கவில்லை. தனக்குப் படியாகக் கிடைத்த தானியத்தில் சாப்பாட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஏழைகளுக்குக் கொடுத்து வந்தார்.

படாலா என்ற ஊரைச் சேர்ந்த சுலக்கணி அவர் மனைவி. ஸ்ரீசந்த், லட்சுமிதாஸ் என்று இரண்டு ஆண் குழந்தைகள். தல்வண்டியிலிருந்து மர்தானா என்ற முஸ்லிம் நண்பரும் வந்து சேர்ந்தார். ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசிப்பதில் கெட்டிக்காரர். பகலில் கிடங்கு வேலை. விடியற்காலையிலும் இரவிலும் பாட்டு, பஜனை என்று வாழ்க்கை நடந்தது.

சோதனை

நல்ல பெயர் எடுப்பவனைப் பிடிக்காதவர்கள் எந்த அலுவலகத்திலும் உண்டு. நானக் கிடங்கை வாரி இறைக்கிறார், நவாபின் சொத்து காலியாகிறது என்று புகார் போயிற்று. தவுலத்கான் கிடங்கை மூடச் சொல்லிக் கணக்கைச் சோதிக்க உத்தரவிட்டார்.

கணக்கு தப்பினால் வேலை மட்டும் போகாது. சிபாரிசு செய்த ஜெயராமின் தலைக்கும் ஆபத்து. அக்காள் குடும்பம், மனைவி, கைக்குழந்தைகள், ஊரில் இருக்கும் தகப்பனாரின் மானம், எல்லாம் அந்தத் தராசில் ஏறிவிட்டன.

கணக்கர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு சரக்காக நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி குறையவில்லை. அரசாங்கம்தான் நானக்குக்குத் தர வேண்டிய பாக்கி இருந்தது என்று சீக்கியர் வரலாறு சொல்கிறது. அவர் கொடுத்ததெல்லாம் தன்னுடையதிலிருந்துதான் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சியாகிவிட்டது. சுல்தான்பூரில் அந்தக் கிடங்கு இருந்த இடத்தில் இன்று ஹட் சாகிப் என்ற குருத்துவாரா இருக்கிறது. நானக் பயன்படுத்தியவை என்று சொல்லப்படும் எடைக் கற்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

ஆற்றில் மறைந்தவர்

வேலையில் நற்பெயர், குடும்பம், குழந்தைகள் எல்லாம் இருந்தும் நானக்கின் மனம் அமைதி பெறவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் வழக்கம்போல் காளி பேயின் ஆற்றில் குளிக்கப் போனவர் திரும்பவில்லை. கரையில் துணி மட்டும் கிடந்தது. நவாபே நேரில் வந்து மீனவர்களை விட்டு வலை போட்டுத் தேடச் செய்தார். பயனில்லை. ஆற்றோடு போய்விட்டார் என்று ஊரே முடிவு கட்டியது. நானகி மட்டும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். கொஞ்ச நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு அவர் சொன்ன முதல் செய்தி, இந்து என்றும் இல்லை, முஸ்லிம் என்றும் இல்லை என்பதுதான். அப்போது அவருக்கு வயது சுமார் முப்பது.

காஜிக்குக் கோபம் வந்தது. அப்படியானால் எங்களோடு தொழுகைக்கு வர முடியுமா என்று நவாபும் காஜியும் கேட்டார்கள். நானக் போனார். எல்லாரும் தொழுதார்கள், அவர் மட்டும் சும்மா நின்றார். ஏன் என்று கேட்டதற்கு, நான் யாரோடு தொழுவது, நவாபின் மனம் காபூலில் குதிரை வாங்கிக்கொண்டிருந்தது, காஜியின் மனம் வீட்டில் புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டி கிணற்றில் விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தது என்றாராம். இருவரும் தலைகுனிந்தார்கள்.

வேலையை ராஜினாமா செய்தார் நானக். மாமனார் வீட்டார் கொதித்தார்கள். சுலக்கணியும் பிள்ளைகளும் உறவினர் ஆதரவில் இருக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாளின் துயரத்தைப் பற்றி வரலாறு அதிகம் பேசவில்லை. சம்பாத்தியத்துக்காகக் கணவர் தூர தேசம் போக, ஊரில் பிள்ளைகளோடு கடிதத்துக்குக் காத்திருந்த பெண்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

நடந்தே போன ஊர்கள்

மர்தானா கூட வந்தார். அவருடைய ரபாபுக்கு நானகிதான் பணம் கொடுத்தாள் என்பார்கள். ஓர் இந்துக் குடும்பத்துப் பிள்ளையும் ஒரு முஸ்லிம் பாட்டுக்காரரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக நடந்தார்கள். கிழக்கே வங்காளம், அசாம், வடக்கே இமயமலை, மேற்கே மெக்கா, பாக்தாத் வரை சென்றார்கள் என்று சொல்லப்படுகிறது. தென் திசைப் பயணத்தில் ராமேஸ்வரம் வந்து இலங்கைக்குப் போனார் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. அதன் நினைவாக ராமேஸ்வரத்தில் ஒரு குருத்துவாரா இருக்கிறது. கர்நாடகத்தில் பீதர் நகரிலும் அவர் பெயரால் ஒரு நீரூற்றும் குருத்துவாராவும் உண்டு.

ஹரித்துவாரில் பக்தர்கள் முன்னோர்களுக்காகக் கிழக்கு நோக்கித் தண்ணீர் இறைத்தார்கள். நானக் மேற்கு நோக்கி இறைத்தார். பஞ்சாபில் உள்ள என் வயலுக்குப் பாய்ச்சுகிறேன் என்றார். சிரித்தவர்களிடம், பரலோகத்துக்கு உங்கள் தண்ணீர் போகும்போது, பக்கத்தில் உள்ள பஞ்சாபுக்கு என் தண்ணீர் போகாதா என்று கேட்டார்.

சைத்பூரில் லாலோ என்ற ஏழைத் தச்சர் வீட்டில் தங்கினார். அதே ஊரில் மாலிக் பாகோ என்ற அதிகாரி பெரிய விருந்து வைத்து அழைத்தார். நானக் போகவில்லை. காரணம் கேட்டபோது, லாலோவின் ரொட்டியை ஒரு கையிலும் பாகோவின் ரொட்டியை மறு கையிலும் வைத்துப் பிழிந்தார். தச்சரின் ரொட்டியிலிருந்து பாலும், அதிகாரியின் ரொட்டியிலிருந்து ரத்தமும் சொட்டின என்பது கதை. உழைத்த சோறு எது, பிறர் வயிற்றில் அடித்த சோறு எது என்று சொல்ல இதைவிட வேறு கதை வேண்டியதில்லை.

அந்தச் சைத்பூரை 1520-ம் ஆண்டையொட்டி பாபரின் படைகள் சூறையாடின. பெண்களும் குழந்தைகளும் பட்ட பாட்டை நானக் கண்ணால் கண்டு பாட்டாகப் பாடினார். இத்தனை ஓலத்தைக் கேட்டும் உனக்கு இரக்கம் வரவில்லையா என்று இறைவனையே கேட்டார்.

ஏர் பிடித்த குரு

அதற்குப் பிறகு ராவி நதிக் கரையில் கர்த்தார்பூர் என்ற ஊரை உண்டாக்கிக் குடும்பத்தோடு குடியேறினார். யாத்திரீகர் உடையைக் களைந்துவிட்டு விவசாயம் செய்தார். ஊர் உலகமெல்லாம் குருவென்று கும்பிட்ட பிறகும் அவர் காணிக்கையில் காலம் தள்ளவில்லை. வயலில் இறங்கி வேலை செய்தார். இறைவனை நினை, உழைத்துச் சம்பாதி, பகிர்ந்து சாப்பிடு என்ற மூன்றும் அவருடைய போதனையின் சாரம்.

கர்த்தார்பூரில் விளைந்த தானியம் பொதுச் சமையலுக்குப் போயிற்று. அதுதான் லங்கர். உயர்ந்த ஜாதி, தாழ்ந்த ஜாதி, ஆண், பெண், இந்து, முஸ்லிம் எல்லாரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார வேண்டும். நாம் பந்தி என்கிறோம். அவர்கள் பங்கத் என்கிறார்கள். மூன்றாவது குரு அமர்தாஸ் காலத்தில் அக்பர் சக்கரவர்த்தியே வந்து அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பது சீக்கியர் மரபு.

சேறு சுமந்த சீடர்

முதுமை வந்தது. தமக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தது. பெரிய மகன் ஸ்ரீசந்த் துறவி. சின்னவர் லட்சுமிதாஸ் குடும்பஸ்தர். பிள்ளைகளில் ஒருவர்தான் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள்.

லெஹ்னா என்ற சீடர் இருந்தார். துர்க்கை பக்தராக இருந்து, குருவின் பாட்டைக் கேட்டு வந்து சேர்ந்தவர். ஒரு நாள் வயலில் சேறு சொட்டும் புல்லுக்கட்டைத் தூக்கச் சொன்னார் குரு. பிள்ளைகள் தயங்கினார்கள். லெஹ்னா நல்ல உடையோடு வந்திருந்தும் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். உடம்பெல்லாம் சேறு வழிந்தது. இதைப் பார்த்துச் சுலக்கணி அம்மாள் வருத்தப்பட்டபோது, அது சேறு அல்ல, குங்குமப்பூ என்றார் குரு.

1539-ம் ஆண்டு லெஹ்னாவுக்கு அங்கத் என்று பெயர் சூட்டித் தமது இடத்தில் அமர்த்தினார். என் அங்கம் என்று பொருள். பெற்ற பிள்ளைகளுக்கு வருத்தம் இருந்தது. ஸ்ரீசந்த் தனி வழியாக உதாசி என்ற துறவிகள் மரபைத் தொடங்கினார். கிடங்கில் கணக்குத் தவறாதவர், சொந்தப் பிள்ளைகள் விஷயத்திலும் எடைக் கல்லை மாற்றவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி, எழுபது வயதில் குரு நானக் காலமானார். எரிப்பதா, புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வாதிட்டார்கள். இருபுறமும் பூ வைக்கச் சொல்லியிருந்தார் குரு. மறுநாள் எந்தப் பக்கத்துப் பூ வாடாதிருக்கிறதோ அவர்கள் விருப்பப்படி செய்யட்டும் என்பது அவர் ஏற்பாடு. காலையில் போர்வையை எடுத்தால் உடலைக் காணவில்லை. இரண்டு பக்கத்துப் பூக்களும் வாடாமல் இருந்தன என்பார்கள். போர்வையை இரண்டாகக் கிழித்து, ஒரு சாரார் எரித்தார்கள். மறு சாரார் புதைத்தார்கள்.

அவர் பாடிய 974 பாடல்கள், ஐந்தாவது குரு அர்ஜுன் 1604-ம் ஆண்டு தொகுத்த புனித நூலில் இடம் பெற்றிருக்கின்றன. 1947-ல் தேசம் பிரிந்தபோது கர்த்தார்பூர் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 2019-ம் ஆண்டு, குருவின் 550-வது பிறந்த ஆண்டில், இந்திய யாத்திரீகர்கள் செல்ல ஒரு பாதை திறக்கப்பட்டது.

பாதை திறந்தாலும் மூடினாலும் லங்கர் அடுப்பு அணைவதில்லை. இந்த நாட்டில் எந்தப் பெரிய நகரத்துக்குப் பிழைக்கப் போனாலும் ஒரு குருத்துவாரா இருக்கும். பாஷை தெரியாமல், கையில் காசில்லாமல் நிற்பவரையும் அங்கே ஊர் எது, ஜாதி எது என்று யாரும் கேட்பதில்லை. தலையை ஒரு துணியால் மூடிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தால் சூடான ரொட்டியும் பருப்பும் வந்துவிடும். தகப்பனாரிடம் அறை வாங்கிய இருபது ரூபாய் வியாபாரம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.