ஒலிவர் எல்ஸ்வேர்த் (1745 – 1807)

மாணவர்களே, அமெரிக்கப் புரட்சி என்றதும் ஜோர்ஜ் வாசிங்டன், தோமஸ் ஜெபர்சன் ஆகியோரின் பெயர்கள் உங்கள் நினைவுக்கு வரும். அவர்களளவு பேசப்படாத ஒருவரை இங்கு அறிந்துகொள்வோம்.

எல்ஸ்வேர்த் 1745 இல் கனெற்றிகட் குடியேற்றத்தின் வின்ட்சர் என்னும் ஊரில் பிறந்தார். 1766 இல் நியூஜேர்சிக் கல்லூரியில் (இன்றைய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்) பட்டம் பெற்றுச் சட்டத்தரணியானார். ஆரம்பத்தில் வருமானம் மிகக் குறைவு. விடாமுயற்சியால் முன்னணிக்கு வந்தார்.

1787 இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பு மாநாடு கூடியது. சனத்தொகைக்கேற்பப் பிரதிநிதித்துவம் வேண்டுமெனப் பெரிய மாநிலங்கள் கோரின. சிறிய மாநிலங்களோ சம பிரதிநிதித்துவம் கேட்டன. மாநாடு முறியும் நிலை தோன்றியது. அப்போது எல்ஸ்வேர்த்தும் ரோஜர் ஷேர்மனும் இணக்கவழி ஒன்றுக்காக வாதாடினர். அதன்படி பிரதிநிதிகள் சபையில் சனத்தொகைக்கேற்ற இடங்களும், செனற்சபையில் மாநிலத்துக்கு இரண்டு இடங்களும் அமைந்தன. இதுவே ‘மாபெரும் இணக்கம்’ எனப்படுகின்றது.

கவனிக்க: மாநாடு முடியுமுன்னரே அவர் ஊர் திரும்பியதால், அரசியலமைப்பில் கைச்சாத்திட்ட 39 பேருள் அவர் இல்லை. எனினும் கனெற்றிகட் அதனை ஏற்றுக்கொள்வதற்காகப் பாடுபட்டார்.

1789 இல் முதலாவது செனற்சபையின் உறுப்பினரானார். அதே ஆண்டு நிறைவேறிய நீதித்துறைச் சட்டத்தை வரைந்தவர்களுள் முதன்மையானவர் இவரே. பிரதம நீதியரசர் ஒருவரும் நீதியரசர்கள் ஐவரும் கொண்ட உயர் நீதிமன்றம் அச்சட்டத்தால் உருவானது. 1796 இல் ஜனாதிபதி வாசிங்டன் இவரையே பிரதம நீதியரசராக நியமித்தார்.

1799 இல் பிரான்சுக்குத் தூதுவராகச் சென்றார். 1800 இல் கைச்சாத்தான உடன்படிக்கையால் இரு நாடுகளுக்குமிடையிலான கடற்போர் முடிவுற்றது. ஆனால் பயணத்தால் உடல்நலம் கெட, அங்கிருந்தவாறே பதவி விலகினார். 1807 இல் வின்ட்சரில் காலமானார்.

இவரது மறுபக்கத்தையும் நீங்கள் அறிய வேண்டும். அடிமை வியாபாரத்தை ஒவ்வொரு மாநிலத்தின் விருப்பத்துக்கும் விட்டுவிடலாம், அடிமை முறை காலப்போக்கில் தானாக மறைந்துவிடும் என மாநாட்டில் வாதிட்டார். அது தானாக மறையவில்லை. 1861 முதல் 1865 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் உயிரிழந்த பின்னரே ஒழிந்தது. அந்த மாநாட்டில் அடிமைகளின் சார்பில் ஒரு பிரதிநிதியேனும் இருக்கவில்லை.

எனவே, 1787 மாநாடு பற்றி விடை எழுதும்போது அது தீர்த்த பிரச்சினையை மட்டுமன்றி, தீர்க்காமல் விட்ட பிரச்சினையையும் சேர்த்து எழுதுங்கள்.