சீகன்பால்கு

செருமனி நாட்டிற் பிறந்த சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். வேதம் குருமார் கையில் மட்டும் இருத்தல் போதாது. ஏழையும் தன் தாய்மொழியில் அதனைப் படித்து வாழ்வைத் திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. டேனியத் தளபதி அவரை நான்கு திங்கள் சிறையிலிட்டான், அவர் தளர்ந்தாரல்லர். 1711-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி முடித்தார். அதன் நடை சற்றே கரடுமுரடானதுதான், எனினும் முதன்முயற்சியன்றோ! ஆலே நகரிலிருந்து வந்த அச்செழுத்துக்கள் மிகப் பெரியன. அவற்றால் அச்சிடக் காகிதம் போதவில்லை. ஆதலின் சிற்றெழுத்துக்கள் இங்கேயே வார்க்கப்பெற்றன. 1715-இல் நூல் நிறைவெய்தியது. பழைய ஏற்பாட்டில் ரூத்து ஆகமம் வரை மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719-இல், தம் 36-ஆம் வயதில் சீகன்பால்கு மறைந்தார். எஞ்சியதை ஷூல்ட்சு என்பார் முடித்தார்.