யார் இந்த கிளாரிந்தா? ஞானஸ்நானம் மறுக்கப்பட்ட பெண் நெல்லையில் சபையைத் தொடங்கிய கதை

கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் சி.எஸ்.ஐ. ஆலயங்களுக்குத் தலைமை, பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி திருமண்டலம். இதன் வேரைத் தேடிப் போனால் ஒரு பிராமண விதவையிடம்தான் போய் நிற்போம். அவர் பெயர் கிளாரிந்தா.

யார் இவர்?

தஞ்சாவூரில் வாழ்ந்த மராட்டிய பிராமணக் குடும்பத்துப் பெண். கணவர் இறந்த பிறகு, லிட்டில்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியுடன் வாழ்ந்தார். கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் அந்த அதிகாரிதான்.

ஏன் மறுத்தார்கள்?

தஞ்சையில் இருந்த ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸிடம் கிளாரிந்தா ஞானஸ்நானம் கேட்டார். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வதைக் காரணம் காட்டி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். கிளாரிந்தா விடவில்லை. லிட்டில்டனுடன் பாளையங்கோட்டைக்கு வந்தார், அவர் இறந்த பிறகும் அங்கேயே இருந்தார். 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ், முன்பு மறுத்த அதே பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

என்ன செய்தார்?

1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்தது வெறும் 40 பேர். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த அந்தச் சின்னக் கூட்டத்துக்கு கிளாரிந்தாதான் தூண். அவர் முயற்சியில் ஒரு ஆலயம் எழுந்தது. 1785-ல் சுவார்ட்ஸே வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஊர்க்காரர்கள் வைத்த பெயர், பாப்பாத்தி அம்மாள் கோயில். சபையைக் கவனிக்க தஞ்சையிலிருந்து உபதேசியார் சத்தியநாதன் அனுப்பப்பட்டார். 1790-ல் அவர் குருவாக அபிஷேகம் பெற்றார்.

பைபிளில் இதே போல ஒரு கதை

அப்போஸ்தலர் நடபடிகள் 16-ம் அதிகாரத்தில் லீதியாள் என்ற வியாபாரி வருகிறார். பிலிப்பி நகரில் பவுல் சொன்னதைக் கேட்டு வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றவர். அந்த ஊர் விசுவாசிகள் கூடியது அவர் வீட்டில்தான். ஐரோப்பாவில் சபையின் தொடக்கம் அங்கே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லீதியாளுக்கு ஞானஸ்நானம் உடனே கிடைத்தது, கிளாரிந்தா காத்திருக்க வேண்டியிருந்தது.

நாவல் வேறு, வரலாறு வேறு

அ. மாதவையா 1915-ல் கிளாரிந்தாவை வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். உடன்கட்டைத் தீயிலிருந்து லிட்டில்டன் அவரைக் காப்பாற்றிய காட்சி அதில் வருகிறது. இன்றும் பலர் சொல்வது இந்தக் கதையைத்தான்.

அந்தக் காட்சியை எடுத்துவிட்டாலும் கிளாரிந்தாவின் கதை சின்னதாகிவிடாது. வாசலில் நிறுத்தப்பட்டவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகவில்லை. மற்றவர்களுக்காக ஒரு வாசலையே கட்டினார். அவர் பெயர் சொல்லும் ஆலயம் பாளையங்கோட்டையில் இன்னும் நிற்கிறது.